தளம் தரும் அளவு: பழைய மரப்படகுக்கு முகப்புக் கண்ணாடிச் சட்டம் கட்டுதல்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரியின் தென்கரையில் சாண்டஸ்கி என்றோர் ஊர் இருக்கிறது. லைமன் என்ற நிறுவனம் அங்கே பல பத்தாண்டுகள் மரப்படகுகள் கட்டியது. ஓட்டுக்கூரையில் ஓர் ஓடு இன்னோர் ஓட்டின் மேல் ஏறி உட்காருவதுபோல, ஒரு பலகையின் விளிம்பு அடுத்த பலகையின் மேல் ஏறி உட்காரும்படி பக்கங்கள் அமைந்த படகுகள் அவை. ஈரி, வட அமெரிக்கப் பேரேரிகள் ஐந்தில் ஆழம் குறைந்தது. சராசரி ஆழம் 19 மீட்டர்தான். ஆழம் குறைந்த நீரில் காற்று பலமாக வீசினால் அலை நீண்டு உருண்டு வராது. குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வந்து அணியத்தில் மோதும். அணியம் என்பது படகின் முன்முனைக்கு நம் மீனவர்கள் சொல்லும் பெயர். பின்முனைக்கு அமரம் என்று பெயர். ஒவ்வொரு மோதலிலும் தெறிக்கும் தண்ணீர் காற்றோடு பறந்து வந்து ஓட்டுபவரின் முகத்தில் அறையும். அதைத் தடுப்பதுதான் விண்ட்ஷீல்டு எனப்படும் முகப்புக் கண்ணாடியின் வேலை.

1950களில் நடுத்தரக் குடும்பங்கள் வாங்கிய இத்தகைய படகுகளில் கண்ணாடியைச் சுற்றி மகோகனிச் சட்டம் இருக்கும். மிச்சிகன் மாநிலத்தின் அல்கோனாக்கில் தொடங்கிய கிறிஸ்-கிராஃப்ட் நிறுவனத்தின் விலை உயர்ந்த படகுகள் பலவற்றில் குரோமியம் பூசிய உலோகத் தாங்கிகள் கண்ணாடியைப் பிடித்திருந்தன. உலோகத்தை எழுபது ஆண்டுகள் கழித்தும் மெருகேற்றி மீட்டுவிடலாம். மரச்சட்டத்துக்கு அந்த ஆயுள் கிடையாது. கீழ்ச்சட்டத்தில் தண்ணீர் தேங்குகிறது. மூலை இணைப்புகளில் மரத்தின் வெட்டுமுகம் அந்த நீரை உறிஞ்சுகிறது. படகில் ஏறும் ஒவ்வொருவரும் கைப்பிடி என்று நினைத்து மேல்சட்டத்தைப் பிடித்து இழுக்கிறார்கள். ஒருநாள் மூலை விட்டுப் போகிறது. அப்போதைய உரிமையாளர் சட்டத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, வளைத்த பிளாஸ்டிக் தகடு ஒன்றைத் திருகி வைக்கிறார். அதனால்தான் பழைய படகைச் சீரமைக்க வாங்குபவருக்கு இயந்திரம் கிடைக்கும், இருக்கை கிடைக்கும். முகப்புச் சட்டம் மட்டும் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

இன்னொரு படகின் சட்டத்தை வாங்கிப் பொருத்தினால் என்ன என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். ஒரே வகை, ஒரே ஆண்டு என்றாலும் பொருந்துவது அரிது. இவை கையால் இழைத்து முடித்த படகுகள். போதாக்குறைக்கு எழுபது ஆண்டு வெயிலும் மழையும் ஒவ்வொரு தளத்தையும் ஒவ்வொரு விதமாக மாற்றியிருக்கின்றன. ஆகவே புதிதாகத்தான் கட்ட வேண்டும். அப்படிக் கட்டுவதற்கான அளவைப் படகின் மேல்தளம்தான் தரும். தச்சுவேலையில் கைதேர்ந்தவர்கள்கூட இங்கே தடுமாறுவதற்குக் காரணம், மேசை மேல் வரைந்து, மேசை மேல் அறுத்து, மேசை மேல் ஒட்டிவிட்டுக் கடைசியில் படகுக்குக் கொண்டுபோவது. கதவுக்கும் சன்னலுக்கும் அந்த முறை சரி. அங்கே சுவர் நேராக நிற்கிறது. இங்கே நேரானது என்று எதுவுமே இல்லை.

பழைய தழும்புகளைப் படித்தல்

முதல் வேலைக்கு உளியோ ரம்பமோ தேவையில்லை. ஒரு கைவிளக்கும் பொறுமையும் போதும். மாலையில், விளக்கைத் தளத்தோடு தாழ்த்திப் பிடித்துப் பாருங்கள். பழைய சட்டம் நின்ற இடம் ஏதாவது ஓர் அடையாளத்தை விட்டிருக்கும். சட்டத்தின் அடியில் வெயில் படாததால் அங்கே மரத்தின் நிறம் வேறாக இருக்கும். திருகாணித் துளைகளை அடைத்த வட்ட மரத்துண்டுகள் தெரியும். காய்ந்து கல்லான பழைய அடைப்புப்பசை ஒரு மெல்லிய கோடாக ஒட்டியிருக்கும். இந்த மூன்றையும் பென்சிலால் குறித்தால், சட்டத்தின் அடி எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பது தளத்தின் மேலேயே வரைபடமாகி நிற்கும். தளத்தை உப்புத்தாளால் தேய்த்துப் புதுப்பிக்கும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். தேய்த்த பிறகு இந்தச் சாட்சிகள் தூளாகப் போய்விடும். சீரமைப்பில் என்னை மிகவும் வருத்தும் தவறு இதுதான், ஏனென்றால் திருத்த வழியே இல்லை.

உயரமும் சாய்வும் தளத்தில் பதிந்திருக்காது. அதற்குப் பழைய விளம்பரப் படங்களும் அதே வகையின் பிற படகுகளும் உதவும். கிறிஸ்-கிராஃப்ட் படகு என்றால் இன்னும் நல்லது: அந்த நிறுவனத்தின் ஆவணங்கள் வர்ஜீனியா மாநிலம் நியூபோர்ட் நியூஸ் நகரில் உள்ள மரைனர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. படகின் உடல் எண்ணைக் கொண்டு, அது எந்த நிலையில் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது என்ற அட்டையைத் தேடிப் பெறலாம்.

இன்னொன்றையும் முன்கூட்டியே கவனிக்க வேண்டும். இழுவண்டியில் ஆண்டுக்கணக்காக நின்ற படகு, தாங்குகட்டைகள் சரியாக இல்லாவிட்டால், தொய்ந்தோ முறுக்கிக்கொண்டோ இருக்கும். அந்த நிலையில் அளவெடுத்துக் கட்டிய சட்டம், படகு தண்ணீரில் இறங்கித் தன் இயல்பான வடிவத்துக்குத் திரும்பும்போது தளத்தை விட்டு எழும்பும். அல்லது கண்ணாடி விரிசல் விடும். முதலில் அடிமரத்தின் நீளத்துக்கும் தாங்கல் கொடுத்து, ரசமட்டம் வைத்துப் படகைச் சமப்படுத்துங்கள். பிறகுதான் அளவு.

கல்யாணப் பத்திரிகைச் சோதனை

இந்தச் சட்டத்தின் கடினம் எங்கே இருக்கிறது என்பதைக் கையால் உணர ஒரு வழி உண்டு. வீட்டில் தடித்த கல்யாணப் பத்திரிகை ஒன்று இருக்குமே, நடுவில் மடிப்பு உள்ளது, அதை எடுங்கள். பாதி திறந்து, மடிப்பு உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி மேசை மேல் நிறுத்துங்கள். இதுதான் முகப்புக் கண்ணாடியின் அடிப்படை வடிவம்: நடுவில் ஒரு முனை முன்னோக்கி நிற்க, இரண்டு இறக்கைகள் பின்னோக்கி விரிகின்றன. இப்போது அதை அப்படியே உங்களை நோக்கிச் சாயுங்கள். படகிலும் கண்ணாடி ஓட்டுபவரை நோக்கிச் சாய்ந்துதான் இருக்கும். என்ன நடக்கிறது? மடிப்பின் அடி மேசையை விட்டு மேலே எழும்புகிறது. இறக்கைகளின் வெளி மூலைகள் மட்டும் மேசையைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன.

அட்டை சரியான செவ்வகம், மேசையும் சமதளம். ஆனாலும் பொருந்தவில்லை. மடிப்பையும் சாய்வையும் சேர்த்துக் கொடுத்தால் செவ்வகத்தால் தரையில் உட்கார முடியாது. அடி மூலைகளைச் சரிவாக வெட்டினால்தான் முழு விளிம்பும் மேசையில் படியும். ஆகவே முகப்புச் சட்டத்தின் இரு பக்கங்களும் செவ்வகங்கள் ஆக முடியாது. கோணலாக வெட்டிய நாற்கரங்கள்தாம் அவை.

எவ்வளவு கோணல்? ஒரு கணக்குப் பார்ப்போம். ஒவ்வொரு பக்கமும் செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்திருக்கிறது, படகின் குறுக்குக் கோட்டிலிருந்து 20 டிகிரி பின்னோக்கி விரிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தளம் சமமாக இருந்தால், கீழ்ச்சட்டத்துக்கும் நடுச்சட்டத்துக்கும் இடையிலான கோணம் 90 ஆக இருக்காது. ஏறத்தாழ 80 டிகிரியாக இருக்கும். இதை அறியாமல் மூலைமட்டம் வைத்து 90 டிகிரியில் வெட்டினால், 60 சென்டிமீட்டர் அகலச் சட்டத்தின் வெளி முனையில் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் பிழை வரும். அடைப்புப்பசை போட்டு மறைக்கிற பிழை இல்லை இது.

நடுவில் இரண்டு பக்கங்களும் சேரும் விளிம்பின் சரிவும் ஏமாற்றும். 20 டிகிரி விரிவு என்பதால் விளிம்பையும் 20 டிகிரி சரித்தால் போதும் என்று தோன்றும். மேலே சொன்ன சாய்வில் உண்மையில் வேண்டியது 17 டிகிரியும் சற்றும்தான். பள்ளியில் படித்த முக்கோணவியல் நினைவிருப்பவர்களுக்காக: சாய்வுக் கோணத்தின் கொசைனை விரிவுக் கோணத்தின் சைனால் பெருக்கினால், வெட்ட வேண்டிய கோணத்தின் சைன் கிடைக்கும். நினைவில்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். அட்டையில் செய்து பார்த்தாலே விடை கைக்கு வந்துவிடும். பழைய படகுத் தச்சர்களுக்கும் அட்டையும் மெல்லிய பலகையும்தாம் கணக்குப் புத்தகம்.

இதற்கு மேல் தளமும் சமமாக இருப்பதில்லை. மழைநீர் வழிந்து ஓடுவதற்காகப் படகின் மேல்தளத்தை நடுவில் உயர்த்தி, இருபுறமும் தாழ்த்திக் கட்டுவார்கள். ஒரு தளம் நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் 90 சென்டிமீட்டரில் 5 சென்டிமீட்டர் தாழ்கிறது என்றால், 60 சென்டிமீட்டர் தள்ளி ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும். சாய்வினால் வெளி மூலையில் மரத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. தளத்தின் வளைவினால் அதே மூலையில் மரத்தைக் கூட்ட வேண்டியிருக்கிறது. ஒன்றை ஒன்று ஓரளவு ஈடுகட்டுகின்றன, ஆனால் முழுவதும் அல்ல. தவிர, தளத்தின் வளைவு நேர்கோடாக இறங்காமல் வில்லாக இறங்குகிறது. அந்த வில்லைக் கணக்கால் பிடிப்பதைவிடக் கண்ணாலும் கவராயத்தாலும் பிடிப்பதே எளிது.

அச்சு எடுத்தல்

அச்சு என்பது உண்மையான சட்டத்துக்கு முன் செய்யும் மலிவான மாதிரி. என்னைக் கேட்டால், மொத்த வேலையில் பாதி நேரம் இதற்குப் போவதே நியாயம். மகோகனியில் விழும் பிழைக்கு விலை அதிகம். அட்டையில் விழும் பிழையைக் குப்பைக்கூடையில் போட்டுவிடலாம்.

முதலில் தளத்தின் நடுக்கோட்டைக் கண்டுபிடித்து, அணியத்திலிருந்து நூல் கட்டிக் குறியுங்கள். நடுவில், வேண்டிய சாய்வில் ஒரு குச்சியை நிறுத்தித் தற்காலிகமாகப் பிடித்து வையுங்கள். பிறகு தடித்த அட்டையை இரு பக்கமும் வைத்து, சூடான பசையால் ஒட்டி, ஒரு முழு முகப்பை உருவாக்குங்கள். அடியில் இடைவெளிகள் இருக்கட்டும். இந்த நிலையில் அது பொருட்டல்ல.

இப்போது ஓட்டுபவரின் இருக்கையில் உட்காருங்கள். இது நான் மிகவும் வற்புறுத்திச் சொல்லும் இடம். மேல்சட்டம் உங்கள் கண்ணுக்கு நேராக வருகிறதா? வந்தால் உயரத்தை மாற்றுங்கள். பார்வை கண்ணாடிக்குள் போகட்டும், அல்லது சட்டத்துக்கு மேலே போகட்டும்; எதிரே வரும் இன்னொரு படகை மறைக்கும் இடத்தில் மரம் இருக்கவே கூடாது. வேகம் எடுக்கும்போது இந்தப் படகுகளின் அணியம் மேலே எழும்பும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். உங்களைவிட உயரமானவரையும் குள்ளமானவரையும் உட்காரச் சொல்லிக் கேளுங்கள். பிறகு இறங்கி, இருபதடி தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். சாய்வு சரியாக இருந்தால் முகப்பு படகோடு சேர்ந்து ஓடுவதுபோல் தெரியும். நிமிர்ந்துவிட்டால் படகின் மேல் வேலி போட்டதுபோல் தெரியும். ஓரிரு நாள் அப்படியே விட்டுவிட்டு, போகும்போதும் வரும்போதும் பாருங்கள். கண் தானாகத் தீர்ப்பு சொல்லும்.

வடிவம் மனதுக்குப் பிடித்ததும் அட்டைக்குப் பதில் மெல்லிய பிளைவுட்டில் அதே மாதிரியைச் செய்ய வேண்டும். இந்தப் பலகையை வேண்டிய சாய்வில், தளத்தைத் தொட்டும் தொடாமலும் நிறுத்துங்கள். கவராயத்தின் கால்களை, அடியில் தெரியும் மிகப் பெரிய இடைவெளியின் அளவுக்குத் திறந்து இறுக்கிவிடுங்கள். முள்கால் தளத்தைத் தொட்டுக்கொண்டே போக, பென்சில் கால் பலகையில் கோடு போட்டுக்கொண்டே போகும். தளத்தின் ஒவ்வொரு ஏற்றமும் இறக்கமும் அப்படியே பலகைக்கு ஏறிவிடும். ஒரே ஒரு விதி: கவராயத்தைப் பலகையின் தளத்தோடு ஒட்டி, இரு கால்களும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே திசையில் இருக்கும்படி பிடிக்க வேண்டும். வளைவுக்கு ஏற்பக் கையைச் சுழற்றினால் கோடு பொய் சொல்லும். கோட்டின்படி அறுத்து, இழைப்புளியால் இழைத்து, மீண்டும் வைத்துப் பார்த்தால் ஒரு தாள்கூட நுழையாத அளவுக்கு உட்கார வேண்டும்.

ஆனால் மெல்லிய பலகைக்குத் தடிமன் கிடையாது. உண்மைச் சட்டத்துக்கு உண்டு. சாய்ந்து நிற்கும் தடித்த மரத்தின் அடி தளத்தில் படிய, அடிமுகத்தையும் சரிவாக இழைக்க வேண்டும். இந்தச் சரிவு ஓரிடத்தில் இருப்பதுபோல் இன்னோரிடத்தில் இருக்காது. நடுவிலிருந்து பக்கத்துக்குப் போகப் போக மாறிக்கொண்டே வரும். கோணத்தைத் திருகி நிறுத்தும் சாய்மட்டத்தை 15 சென்டிமீட்டருக்கு ஒருமுறை வைத்து, ஒவ்வொரு கோணத்தையும் அந்தந்த இடத்தில் அச்சுப் பலகையின் மேலேயே எழுதிவையுங்கள். தனித் தாளில் எழுதினால் தாள் ஒருநாள் காணாமல் போகும், பலகை போகாது.

இடப்பக்கத்துக்கு எடுத்த அச்சைத் திருப்பிப் போட்டு வலப்பக்கத்துக்குப் பயன்படுத்தும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். பழைய படகின் இரு பக்கங்களும் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டுக்கும் தனித்தனி அச்சு எடுங்கள். அதே சமயம் பார்ப்பவர் கண் சமச்சீரைத்தான் தேடும். இந்த முரணுக்குத் தச்சர்கள் கண்ட தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது: மேல்சட்டங்கள் இரண்டையும் ஒரே உயரத்தில், ஒரே கோணத்தில் அமைத்துவிட்டு, வேறுபாடு முழுவதையும் கீழ்ச்சட்டத்தின் அகலத்தில் ஒளித்துவிடுவார்கள். ஒரு பக்கம் கீழ்ச்சட்டம் 4 மில்லிமீட்டர் கூடுதல் அகலமாக இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. மேல்விளிம்பு 4 மில்லிமீட்டர் கோணினால் கரையில் நிற்கும் குழந்தைக்கும் தெரியும்.

எந்த மரம்?

மகோகனி என்ற ஒரே பெயரில் விற்கப்படும் மரங்கள் பல. உண்மையான மகோகனி மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. நம் வேம்பின் குடும்பம். ஆப்பிரிக்க மகோகனி எனப்படும் காயாவும் அதே குடும்பம்தான். ஆனால் அமெரிக்கப் படகுகளின் பக்கப் பலகைகளுக்குப் பெருமளவில் பயன்பட்ட 'பிலிப்பைன்ஸ் மகோகனி' மகோகனியே அல்ல. அது குங்கிலிய மரத்துக்கு உறவு. எனவே படகில் என்ன மரம் இருக்கிறது என்று பார்த்து, நிறமும் ரேகையும் ஒத்துப்போகும் மரத்தைத் தேடுவது நல்லது.

மகோகனியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் அழகு மட்டுமில்லை. பச்சை மரம் முழுதாக உலரும்போது மகோகனி அகலத்தில் 3 முதல் 4 விழுக்காடு அளவுக்குத்தான் சுருங்குகிறது. வெள்ளை ஓக் மரம், அறுத்த திசையைப் பொறுத்து, ஐந்தரை முதல் பத்தரை விழுக்காடு வரை சுருங்கும். கண்ணாடியைப் பிடித்திருக்கும் சட்டம் பருவத்துக்குப் பருவம் ஊதிச் சுருங்கினால் மூலைகள் விட்டுப்போகும். அசையாத மரம்தான் இங்கே வேண்டும். இயற்கைக் காடுகளில் அளவுக்கு மீறி வெட்டியதால் அமெரிக்க மகோகனியின் பன்னாட்டு வணிகம் 2003 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. 2022இல் ஆப்பிரிக்கக் காயாவையும் சேர்க்க முடிவானது. வாங்கும்போது உரிய ஆவணம் கேளுங்கள். ஒரு முகப்புச் சட்டத்துக்கு வேண்டிய மரம் மிகக் கொஞ்சம். பழைய மேசை, பழைய கதவு ஆகியவற்றிலிருந்து எடுத்த மகோகனி கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. பல ஆண்டுகள் உலர்ந்து, அசைய வேண்டியதெல்லாம் அசைந்து முடித்த மரம் அது.

25 முதல் 30 மில்லிமீட்டர் தடிமனில், ரேகை நேராக ஓடும், கணு இல்லாத பலகையைத் தேர்ந்தெடுங்கள். இரு பக்கச் சட்டங்களையும் ஒரே பலகையிலிருந்து வெட்டினால் வார்னிஷ் பூசிய பிறகு நிறம் ஒன்றாக இருக்கும். வெளிறிய வெள்ளைப் பகுதியை ஒதுக்கிவிட்டு, வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேல்சட்டம் வளைந்திருக்க வேண்டுமென்றால் இரண்டு வழிகள். வளைவு குறைவு என்றால் அகலமான பலகையிலிருந்து வளைவாகவே அறுத்துவிடலாம். வளைவு அதிகம் என்றால், அப்படி அறுத்த மரத்தில் ரேகை குறுக்காக ஓடி, அங்கே உடையும். அப்போது மரத்தை 3 மில்லிமீட்டர் பட்டைகளாகக் கீறி, பசை தடவி, வளைந்த அச்சின் மேல் அடுக்கிக் கவ்விகளால் இறுக்க வேண்டும். பசை காய்ந்து கழற்றும்போது வளைவு சற்றே திரும்ப நிமிரும். பட்டைகள் கூடக் கூட இந்த நிமிர்வு குறையும்: நான்கு பட்டைகள் என்றால் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கு, ஆறு என்றால் முப்பத்தாறில் ஒரு பங்கு. அந்த அளவுக்கு அச்சைச் சற்றுக் கூடுதலாக வளைத்துக்கொள்ளலாம். கீறிய வரிசை மாறாமல் பட்டைகளை அடுக்கினால் ஒரே மரம் போலத் தெரியும்.

மூலை இணைப்பு

சட்டத்தின் உயிர் மூலையில் இருக்கிறது. நம் ஊர்க் கதவு நிலைகளில் காணும் கழுந்தும் துளையும்தான் இங்கேயும் சிறந்தது. ஒரு சட்டத்தின் முனையில் நாக்குப்போல் கழுந்து விட்டு, மற்றொன்றில் அதற்குச் சரியான துளை குடைந்து செருகுவது. வேறுபாடு, இங்கே எந்த மூலையும் 90 டிகிரி இல்லை. அதனால் அச்சுப் பலகையைச் சட்டமரத்தின் மேல் நேரடியாக வைத்துக் கோடு போடுங்கள். டேப்பால் அளந்து, எண்ணாக மாற்றி, மறுபடி மரத்தில் குறிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு பிழை நுழைகிறது. முழுவதும் ஒட்டும் முன் உலர்வாகச் செருகி, படகின் மேல் ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.

பசைக்கு எப்பாக்ஸி ஏற்றது. அதிலும் ஒரு எச்சரிக்கை: கவ்வியை முழு பலத்தோடு இறுக்கினால் எப்பாக்ஸி முழுவதும் வெளியே பிதுங்கி, இணைப்பு பசையில்லாமல் வறண்டுபோகும். மெதுவாகச் சேரும் அளவுக்கு இறுக்கினால் போதும். வெட்டுமுகங்களில் முதலில் ஒரு கை எப்பாக்ஸி தடவி, அது ஊறிய பிறகு மீண்டும் தடவிச் சேருங்கள்.

கண்ணாடி உட்காரச் சட்டத்தின் உட்பக்கம் காடி, அதாவது நீளப் பள்ளம், வேண்டும். சுற்றிலும் மூடிய காடி எடுத்து, சட்டத்தை ஒட்டும்போதே கண்ணாடியையும் உள்ளே வைத்துவிடலாம் என்று சிலர் செய்வார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கண்ணாடி உடைந்த அன்று சட்டத்தையும் உடைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் படிபோல வெட்டி, மறுபக்கம் பீடிங் எனப்படும், கழற்றக்கூடிய மெல்லிய மரப்பட்டையை வைத்துத் திருகுவதே அறிவுடைமை. கீழ்ச்சட்டத்தின் காடியில் இரண்டு மூன்று சிறு துளைகள் வெளிப்பக்கம் சரிவாக இருக்கட்டும். தண்ணீர் எப்படியும் உள்ளே வரும். வெளியேறவும் வழி வேண்டும்.

கண்ணாடியா, அக்ரிலிக்கா?

வீட்டுச் சன்னலுக்கு வாங்கும் சாதாரணக் கண்ணாடியைப் படகில் ஒருபோதும் வைக்காதீர்கள். உடைந்தால் கத்தி போன்ற துண்டுகள் நேராக முகத்துக்கு வரும். இரண்டு தகடுகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி, உடைந்தாலும் படலத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். 6 மில்லிமீட்டர் தடிமன் போதும். சூடேற்றிக் கடினப்படுத்திய டெம்பர்டு கண்ணாடியும் பாதுகாப்பானதுதான், ஆனால் கடினப்படுத்திய பிறகு அதை அறுக்க முடியாது. ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் முழுத் தகடும் வீண். முதன்முறை செய்பவர்களுக்கு லேமினேட்டட்தான் என் பரிந்துரை.

அக்ரிலிக் என்பது கண்ணாடிபோல் தெளிவான பிளாஸ்டிக். எடை குறைந்தது, வீட்டிலேயே அறுக்கலாம். ஆனால் வெப்பத்தில் கண்ணாடியைவிட ஏழெட்டு மடங்கு விரியும். ஒரு மீட்டர் நீளத் தகடு, வெப்பம் 30 டிகிரி செல்சியஸ் கூடினால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளும். கண்ணாடி அரை மில்லிமீட்டர்கூட நீளாது. அதனால் அக்ரிலிக்கைக் காடிக்குள் இறுக்கிப் பொருத்தினால் வெயிலில் வளைந்து, மூலையில் வெடிக்கும். திருகாணி போடும் துளையும் ஆணியைவிட அகலமாக இருக்க வேண்டும். அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவத்தால் துடைத்தால் மேற்பரப்பு முழுவதும் மயிரிழை விரிசல் விழும். கண்ணாடி வைத்திருந்த படகில் அக்ரிலிக் வைப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். தொடக்கத்திலேயே அக்ரிலிக் இருந்த படகு என்றால் அதையே வைக்கலாம்.

எதுவானாலும், சட்டம் முடிந்து வார்னிஷும் காய்ந்த பிறகே கண்ணாடிக்கு அளவெடுங்கள். காடிக்குள் பொருந்தும்படி மெல்லிய பலகையில் ஓர் அச்சு வெட்டி, அதைச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் குறைத்து, 'இடம்', 'வலம்', 'வெளிப்பக்கம்' என்று எழுதிக் கண்ணாடி வெட்டுபவரிடம் கொடுத்தால் குழப்பம் வராது. கண்ணாடியின் அடி நேராக மரத்தில் படாமல் இரண்டு சிறு ரப்பர் துண்டுகளின் மேல் நிற்கட்டும்.

வார்னிஷும் பொருத்துதலும்

வார்னிஷ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் பூச்சைப் பாதிக்குப் பாதி நீர்க்கச் செய்து மரத்துக்குள் ஊறவிடுங்கள். அடுத்தடுத்த பூச்சுகளைக் கெட்டியாக்குங்கள். இடையிடையே நுண்ணிய உப்புத்தாளால் தேயுங்கள். எட்டு பூச்சுகளாவது வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிர் எப்பாக்ஸியையும் மரத்தையும் தின்றுவிடும். அதைத் தடுப்பது வார்னிஷ்தான். கண்ணுக்குத் தெரியாத காடிக்கும், தளத்தில் படியும் அடிமுகத்துக்கும் வெளிப்பக்கம் போலவே பூசுங்கள். மரம் அழுகத் தொடங்குவது அங்கேதான்.

சட்டத்தைத் தளத்தில் நிரந்தரமாக ஒட்டிவிடும் பாலியூரிதேன் பசைகள் கடையில் கிடைக்கும். அவற்றைத் தொடாதீர்கள். பத்தாண்டு கழித்துச் சட்டத்தைக் கழற்ற நேர்ந்தால் தளத்தின் மரம் சேர்ந்து பெயர்ந்து வரும். மரத்துக்கும் தளத்துக்கும் நடுவே பாலிசல்ஃபைடு அடைப்புப்பசை போதும். தண்ணீரைத் தடுக்கும், வேண்டும்போது விட்டுக்கொடுக்கும். ஆனால் அதே பசையை அக்ரிலிக்கின் பக்கம் கொண்டுபோகக் கூடாது. அதிலுள்ள ரசாயனம் அக்ரிலிக்கை அரித்து விரிசல் விடச் செய்யும். அங்கே பியூட்டைல் என்ற ஒட்டும் ரப்பர் நாடாவைப் பயன்படுத்துங்கள்.

திருகாணிகள் சிலிக்கான் வெண்கலமாக இருக்கட்டும். பித்தளை நாளடைவில், குறிப்பாக உப்புநீரில், தன் துத்தநாகத்தை இழந்து பொடியாகும். மெல்லிய தளப்பலகையை மட்டும் நம்பித் திருகாமல், அடியில் ஒரு தாங்குகட்டை கொடுத்து அதற்குள் இறங்கும்படி திருகுங்கள். எவ்வளவு சொன்னாலும் ஏறுபவர்கள் இந்தச் சட்டத்தைப் பிடித்துத்தான் ஏறுவார்கள். அதைத் தாங்கும் பலம் அதற்கு இருக்க வேண்டும். திருகாணியின் தலைக்கு மேலே, சட்டத்தின் ரேகையோடு ஒத்துப்போகும்படி வட்ட மரத்துண்டு வைத்து அடைத்து, மெல்ல உளியால் சீவிவிடுங்கள்.

பசை காய்ந்த பிறகு, படகு இழுவண்டியிலேயே இருக்கும்போது, உள்ளே முகப்பின் அடியில் செய்தித்தாளை விரித்து வையுங்கள். அணியத்தின் பக்கம் ஒருவர் நின்று ரப்பர் குழாயால் கால் மணி நேரம் சட்டத்தின் மேல் தண்ணீர் பீய்ச்சட்டும். கீழ்ச்சட்டத்தின் ஓரமாகவும் நடுச்சட்டம் சேரும் இடத்திலும் கூடுதலாக. தாளில் ஈரப் புள்ளி விழுந்தால் அதற்கு நேர் மேலே பென்சிலால் குறி போட்டு, அந்த இடத்தின் பீடிங்கை மட்டும் கழற்றி மீண்டும் அடைத்து, மறுநாள் இன்னொரு தாள் விரித்துப் பாருங்கள். தாள் உலர்ந்தே இருக்கும் நாளில் படகை ஏரிக்குக் கொண்டுபோகலாம்.